ஐ.எம்.எஃப் கேட்டது எது, அரசாங்கம் தெரிவு செய்தது எது?

மின்கட்டணம் கூடினால் ஐ.எம்.எஃப். வற் வரி கூடினால் ஐ.எம்.எஃப். சம்பளத்தில் வரி பிடித்தால் அதற்கும் ஐ.எம்.எஃப். 2022க்குப் பிறகு இலங்கையில் எந்த விலை ஏறினாலும் பழியைப் போட ஒரு பெயர் தயாராக இருக்கிறது. ஆளுங்கட்சிக்கு அது வசதி: "நாங்கள் என்ன செய்ய, அவர்கள் சொல்கிறார்கள்." எதிர்க்கட்சிக்கும் வசதி: "நாங்கள் வந்தால் அவர்களோடு பேசி மாற்றுவோம்." ஆனால் ஐ.எம்.எஃப், அதாவது சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்பாட்டில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது, அதில் எது கட்டாயம், எதை அரசாங்கம் தானாகத் தெரிவு செய்தது என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. அதைப் பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கடினமும் இல்லை.

முதலில், ஏன் அங்கே போக வேண்டி வந்தது? 2019 கடைசியில், புதிதாகப் பதவிக்கு வந்த கோட்டாபய ராஜபக்ஷ அரசாங்கம் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. அதைவிடப் பெரிய வேலை ஒன்றையும் சத்தமில்லாமல் செய்தது. வருடத்துக்கு 12 மில்லியன் ரூபா வியாபாரம் செய்பவர் வற் வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லையை 300 மில்லியனுக்கு உயர்த்தியது. ஆயிரக்கணக்கான வியாபாரங்கள் ஒரே நாளில் வரி வலைக்கு வெளியே போயின. அப்புறம் கொரோனா வந்தது, சுற்றுலா நின்றது. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததில் விளைச்சல் விழுந்தது. வரவு குறையக் குறைய மத்திய வங்கி பணத்தை அச்சிட்டுக் கொடுத்தது. டொலரையோ அச்சிட முடியாது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. அடுத்த மாதம், பயன்படுத்தக்கூடிய அந்நியச் செலாவணிக் கையிருப்பு 50 மில்லியன் டொலர்கூட இல்லை என்று நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில் சொன்னார். எரிபொருள் வரிசை, காஸ் வரிசை, பால்மா வரிசை எல்லாம் எங்கள் வாசகர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது.

நிதியத்திடம் இலங்கை போனது அது முதல் தடவையும் அல்ல. 1965இல் தொடங்கி, 2023இல் கிடைத்தது 17ஆவது திட்டம். அதற்கு முந்தையதான 2016ஆம் ஆண்டின் 1.5 பில்லியன் டொலர் திட்டம் முழுத் தொகையும் கைக்கு வராமலே முடிந்தது. இந்த வரலாறு தெரிந்தால்தான், 17ஆவது தடவை நிபந்தனைகள் ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்பது விளங்கும்.

பணமா, முத்திரையா?

2023 மார்ச் 20ஆம் திகதி நிதியத்தின் நிறைவேற்றுச் சபை சுமார் 3 பில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. விரிவாக்கப்பட்ட நிதி வசதி என்பது அதன் பெயர்; காலம் 48 மாதங்கள். முதல் தவணையாக 333 மில்லியன் உடனே வந்தது. மிச்சம் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு மீளாய்விலும் தேறினால் மட்டும்.

3 பில்லியன் என்பது பெரிய தொகை போலத் தோன்றும். இலங்கையின் ஒரு வருட இறக்குமதிச் செலவோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கும் வராது. அதுவும் நான்கு வருடத்தில் துண்டுதுண்டாக வருகிறது. அப்படியிருக்க இந்த உடன்பாட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? நிதியத்தின் முத்திரை விழாமல் மற்றக் கதவுகள் திறக்காது. உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் வரவுசெலவுத் திட்டத்துக்கான கடனைக் கொடுக்க அதைத்தான் பார்த்தன. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் முன்னின்று நடத்திய கடன்கொடுநர் குழுவும், தனியாகப் பேசிய சீனாவும், இறையாண்மை முறிகளை, அதாவது இலங்கை அரசாங்கம் வெளிநாட்டில் விற்ற கடன் பத்திரங்களை, வைத்திருந்த தனியார் முதலீட்டாளர்களும் "எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும்" என்று கணக்குப் பார்த்தது நிதியத்தின் கணிப்பை வைத்துத்தான். 2024 டிசம்பரில் சுமார் 12.5 பில்லியன் டொலர் முறிகள் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. நிதியம் தரும் கடனைப் போல நான்கு மடங்குக்கும் மேற்பட்ட தொகை அது.

கடிதத்தில் கையெழுத்துப் போடுவது யார்?

திட்டத்தின் மையம் ஒரு கடிதம். நிதியமைச்சரும் மத்திய வங்கி ஆளுநரும் கையெழுத்திட்டு, நிதியத்தின் முகாமைப் பணிப்பாளருக்கு அனுப்புவது. முதல் கடிதத்தில் ஒப்பமிட்டவர்கள், அப்போது நிதியமைச்சைத் தன்னிடம் வைத்திருந்த ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவும் ஆளுநர் நந்தலால் வீரசிங்கவும். அதோடு சேர்ந்து நீண்ட கொள்கை அறிக்கை ஒன்றும், அட்டவணைகளும் இருக்கும். எல்லாமே "நாங்கள் இதைச் செய்வோம்" என்ற பாணியில் எழுதப்பட்டிருக்கும். அதாவது காகிதத்தில் பார்த்தால் இவை நிதியத்தின் கட்டளைகள் அல்ல, இலங்கையின் வாக்குறுதிகள். இது வெறும் நாடகம் என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மைதான், கையில் காசில்லாதவன் பேரம் பேசுவதற்கு ஓர் எல்லை இருக்கிறது. மற்றப் பாதி உண்மையை ஆட்சியாளர்கள் சொல்வதில்லை. பேரம் நடக்கிறது, அதில் எங்கள் தரப்பு எதைக் கேட்டது, எதை விட்டுக்கொடுத்தது என்பதற்கு எங்கள் தரப்புத்தான் பொறுப்பு.

அந்த வாக்குறுதிகள் எல்லாவற்றுக்கும் ஒரே கனம் இல்லை. மேலே இருப்பவை முன்நடவடிக்கைகள்: சபை கூடுவதற்கு முன்பே செய்து காட்ட வேண்டியவை. செய்யாவிட்டால் கூட்டமே நடக்காது. அடுத்தது அளவுசார் நிபந்தனைகள்: இந்தத் திகதிக்குள் இந்த எண்ணைத் தொட வேண்டும் என்பவை. தவறினால், சபையிடம் காரணம் சொல்லி விலக்குக் கேட்க வேண்டும். அதற்கும் கீழே சுட்டிலக்குகள்: தவறினால் கேள்வி வரும், விலக்குக் கேட்கத் தேவையில்லை. கட்டமைப்பு மைல்கற்கள் என்பது வேறு வகை: இன்ன சட்டத்தை இன்ன மாதத்துக்குள் கொண்டுவருவது, இன்ன அறிக்கையை வெளியிடுவது போன்றவை. தாமதமானால் திட்டம் உடனே நின்றுவிடாது. ஆனால் அடுத்த மீளாய்வில் அது மேலே ஏறி முன்நடவடிக்கையாக மாறக்கூடும்.

எண்களில் முக்கியமானது முதன்மை மிகை. ஒரு குடும்பம் பழைய கடனில் மாட்டியிருக்கிறது என்று வையுங்கள். வட்டியை விட்டுவிட்டு, மாதச் செலவை மட்டும் வருமானத்திலிருந்து கழித்தால் ஏதாவது மிஞ்சுகிறதா? மிஞ்சினால், அந்த மிச்சத்தை வைத்து வட்டி கட்டத் தொடங்கலாம். மிஞ்சாவிட்டால், வட்டி கட்டவே புதுக் கடன் வேண்டும். அரசாங்கத்துக்கும் அதே கணக்குத்தான். 2025 முதல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீதம் முதன்மை மிகையாக இருக்க வேண்டும் என்பது இலங்கை ஒப்புக்கொண்ட எண். இதிலிருந்துதான் மற்ற எல்லாம் கிளைக்கின்றன. 2032க்குள் அரச கடன் மொத்த உற்பத்தியில் 95 வீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்பது தொலைதூர இலக்கு.

இந்த 2.3 எப்படி வர வேண்டும் என்று அந்த எண் சொல்வதில்லை. வரியைக் கூட்டலாம், செலவைக் குறைக்கலாம். வரியைக் கூட்டுவதென்றால் சம்பளக்காரரிடமா, கம்பனிகளிடமா, காணி வைத்திருப்பவரிடமா, கடையில் பால்மா வாங்குபவரிடமா? கடிதத்தில் இதற்கும் பதில் எழுதியிருக்கும். ஆனால் அது மாற்றி எழுதக்கூடிய பதில். மாற்றி எழுதியும் இருக்கிறார்கள்.

தனியாள் வருமான வரியை எடுத்துக்கொள்வோம். 2023 ஜனவரி முதல் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் உழைப்பவர் வரி கட்ட வேண்டும், உச்ச வீதம் 36 என்று வந்தது. வைத்தியர்கள், பொறியியலாளர்கள், பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் தெருவில் இறங்கினார்கள். மாற்றவே முடியாது என்றுதான் அப்போது பதில் வந்தது. 2024இல் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். நிதியத்தோடு பேசி, 2025 ஏப்ரல் முதல் அந்த எல்லை ஒன்றரை லட்சமாக உயர்ந்தது. விலை கொடுக்காமல் அல்ல. வட்டி வருமானத்தில் பிடிக்கும் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமானது. சூதாட்டம், சாராயம், புகையிலைக் கம்பனிகளின் வருமான வரி 40இலிருந்து 45 வீதமானது. ஐந்து வருடம் மூடியிருந்த வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறக்கப்பட்டு அதிலிருந்து வரி வரத் தொடங்கியது. எண் அப்படியே நின்றது. அதைச் சுமக்கிறவர்கள் மாறினார்கள்.

30 அலகு வீட்டின் பில்

இதை இன்னும் கிட்டப் பார்க்க மின்சாரத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. நிதியம் கேட்டது ஒன்றே ஒன்று: மின்சாரத்தை உற்பத்திச் செலவுக்குக் குறைவாக விற்காதே. மின்சார சபையின் நட்டம் கடைசியில் திறைசேரியின் தலையில்தான் விழுகிறது என்பது அதற்குக் காரணம்.

மாதம் 30 அலகு மட்டும் பாவிக்கும் ஒரு வீட்டை எடுப்போம். நாலு பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு பழைய டிவி. 2022 ஆகஸ்டுக்கு முன்பு அலகு இரண்டரை ரூபா, நிலையான கட்டணம் 30 ரூபா. மொத்தம் 105 ரூபா. ஒன்பது வருடம் கூட்டாமல் வைத்திருந்த கட்டணம் அது. ஆகஸ்டில் சராசரியாக 75 வீதம் கூடியபோது அந்த வீட்டின் பில் 360 ரூபா. 2023 பெப்ரவரியில், நிதியத்தின் சபை ஒப்புதலுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, மறுபடி சராசரியாக 66 வீதம் கூட்டினார்கள். இம்முறை அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. அதே 30 அலகுக்கு 1300 ரூபா.

சராசரி 66 வீதம் என்றார்கள். இந்த வீட்டுக்கு விழுந்தது மூன்றரை மடங்குக்கும் மேல். அப்படி என்றால் வேறு யாருக்கோ சராசரியைவிடக் குறைவாகக் கூடியிருக்கிறது. இந்தப் பங்கீட்டை வாஷிங்டனில் இருந்து யாரும் எழுதி அனுப்பவில்லை. எப்படித் தெரியும்? ஐந்தே மாதத்தில், 2023 ஜூலையில், சராசரிக் கட்டணம் 14.2 வீதம் குறைந்தது. அதே திருத்தத்தில் 30 அலகு வீட்டுக்கு அலகு 10 ரூபா, நிலையான கட்டணம் 150 ஆனது. பில் 1300இலிருந்து 450க்கு இறங்கியது. செலவை ஈடுசெய்ய வேண்டும் என்ற நிபந்தனை பெப்ரவரியிலும் இருந்தது, ஜூலையிலும் இருந்தது. சராசரி கொஞ்சம் குறைந்தது, பெரிதாக மாறியது யாரிடம் எவ்வளவு வாங்குவது என்ற தீர்மானம்தான். பெப்ரவரிக்கும் ஜூலைக்கும் இடையில் இணைப்புத் துண்டிக்கப்பட்டவர்களுக்கு இந்த விளக்கம் எந்த ஆறுதலும் தராது, உண்மைதான்.

எல்லாவற்றையும் உள்ளூர்த் தீர்மானம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2025 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். கட்டணத்தை மாற்ற வேண்டாம் என்று மின்சார சபை சொல்லியிருக்க, மின்கட்டணத்தைத் தீர்மானிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 20 வீதம் குறைத்தது. ஆணைக்குழு சட்டப்படி சுயாதீனமானது. ஆனால் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது அரசாங்கம்! அந்தக் காலாண்டுக் கணக்கில் மின்சார சபை நட்டம் காட்டியது. ஏப்ரலில் நிதியத்தின் அதிகாரிகளோடு நான்காவது மீளாய்வுக்கு ஊழியர் மட்ட உடன்பாடு ஆகியும் நிதியத்தின் நிறைவேற்றுச் சபை கூடவில்லை. செலவை ஈடுசெய்யும் விலைக்குத் திரும்புவது முன்நடவடிக்கையாக வைக்கப்பட்டது. ஜூனில் கட்டணம் 15 வீதம் கூடியது. ஜூலை 1ஆம் திகதி சபை கூடி, சுமார் 350 மில்லியன் டொலர் தவணைக்கு ஒப்புதல் கொடுத்தது. நிபந்தனை என்றால் என்ன என்பதை இந்த ஆறு மாதம் காட்டுவதுபோல் எந்தப் பாடப் புத்தகமும் காட்டாது.

வற் வரியின் கதையும் கிட்டத்தட்ட இதே பாதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 செப்டம்பரில் முதல் மீளாய்வுக்கு வந்த குழு உடன்பாடு இல்லாமலே திரும்பியது. அந்த வருட வரி வருமானம் எதிர்பார்த்ததைவிட 15 வீதமளவு குறையப் போகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. வரி ஏய்ப்பைப் பிடித்து அந்தப் பள்ளத்தை நிரப்ப வருடங்கள் ஆகும். வற் வீதத்தை உயர்த்த ஒரு வர்த்தமானி போதும். 2024 ஜனவரியில் வற் 18 வீதமானது, அதுவரை விலக்கு இருந்த பெற்றோல், டீசல், காஸ் எல்லாம் உள்ளே வந்தன. இலகுவான வரி எது என்று பார்த்து வசூலிப்பது எங்கள் அரசாங்கங்களின் பழைய பழக்கம். காலக்கெடு நெருக்கும்போது நிதியமும் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊழியர் சேமலாப நிதியம், அதாவது ஈ.பி.எஃப், பற்றியும் கேட்பார்கள். 2023 ஜூனில் உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். நாணய நிதியத்தின் கணிப்பு சொன்னது, அரசாங்கத்தின் வருடாந்த மொத்த நிதித் தேவை (பற்றாக்குறையும் அந்த வருடம் முதிரும் கடனும் சேர்ந்தது) 2027 முதல் 2032 வரை சராசரியாக உற்பத்தியில் 13 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று. யாருடைய முறிகளில் கைவைப்பது என்பது கொழும்பில் எடுத்த முடிவு. வங்கிகள் ஏற்கனவே ஆட்டம் கண்டிருக்கின்றன என்று அவற்றின் திறைசேரி முறிகளை விட்டுவிட்டார்கள். ஈ.பி.எஃப் போன்ற ஓய்வூதிய நிதியங்களுக்கு மட்டும் ஒரு தெரிவு: பழைய முறிகளை, சில வருடம் 12 வீதமும் பிறகு 9 வீதமும் தரும் புதிய முறிகளுக்கு மாற்றிக்கொள், அல்லது 14 வீத வரிக்குப் பதில் 30 வீத வரி கட்டு. வங்கிகளைக் காப்பாற்றச் சொன்ன காரணம் நியாயமானதுதான். ஆனால் வங்கி ஆட்டம் கண்டால் எல்லோருக்கும் உடனே தெரியும், தைத்த உடுப்பை எண்ணிச் சம்பளம் வாங்கும் பிள்ளையின் ஓய்வுகாலப் பணம் குறைவது இருபது வருடம் கழித்துத்தான் தெரியும் என்பதும் அந்தக் கணக்கில் இருந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

கனமான எண்ணும் இலேசான எண்ணும்

திட்டம் ஏழைகளை மறக்கவில்லை என்று காட்ட அதில் ஓர் எண் இருக்கிறது. சமூகநலச் செலவுக்கு ஒரு கீழ் எல்லை. அஸ்வெசும போன்ற கொடுப்பனவுகளுக்கு இதற்குக் குறையாமல் செலவழிக்க வேண்டும் என்பது. 2023 ஜூலையில் சமுர்த்தியின் இடத்தில் அஸ்வெசும வந்தது இந்த ஏற்பாட்டின் பகுதியாகத்தான்.

இப்போது முன்பு சொன்ன வகைகளை நினைவுபடுத்துங்கள். முதன்மை மிகை அளவுசார் நிபந்தனை. தவறினால் சபையிடம் விலக்குக் கேட்க வேண்டும். சமூகநலச் செலவு சுட்டிலக்கு. தவறினால் விளக்கம் சொன்னால் போதும். 2025 பெப்ரவரியில் மூன்றாவது மீளாய்வு முடிந்தபோது நிதியம் வெளியிட்ட அறிக்கை, 2024 டிசம்பர் முடிவுக்கான அளவு இலக்குகள் எல்லாம் எட்டப்பட்டன, சமூகநலச் செலவு தவிர, என்று சொன்னது. கடனைத் திருப்பிக் கொடுக்க உதவும் எண்கள் எல்லாம் தேறின. நான்கில் ஒருவர் வறுமையில் இருப்பதாக உலக வங்கி கணக்கிட்ட நாட்டில், அவர்களுக்கான எண் மட்டும் தவறியது. தவணை தடையில்லாமல் வந்தது, 334 மில்லியன் டொலர். இந்த இடத்தில் குற்றம் ஒரு தரப்பில் மட்டும் இல்லை. இலேசான வகையில் அந்த எண்ணை எழுத ஒப்புக்கொண்டவர்கள் இரண்டு தரப்பினரும்.

சரி, பலன் எதுவுமே இல்லையா? இருக்கிறது. 70 வீதத்தில் இருந்த பணவீக்கம் ஒரு வருடத்தில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. 2024 செப்டம்பரில் பூச்சியத்துக்கும் கீழே போய்ப் பல மாதம் அங்கேயே இருந்தது. 5 வீத இலக்கைத் தவறவிட்டது ஏன் என்று மத்திய வங்கி பாராளுமன்றத்துக்கு விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. விலை போதுமான அளவு ஏறவில்லை என்பதற்காக இந்த நாட்டில் ஒருவர் விளக்கம் எழுதுவார் என்று 2022 வரிசையில் நின்ற யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அரச வருமானம் 2022இல் உற்பத்தியில் 8.2 வீதம், 2024இல் 13.5 வீதம். அந்த விளக்கம் கொடுக்கும் கடமையே 2023இன் புதிய மத்திய வங்கிச் சட்டத்தால் வந்தது. அரசாங்கத்துக்குப் பணம் அச்சிட்டுக் கொடுப்பதையும் அதே சட்டம் தடுத்தது. என் பார்வையில் முழுத் திட்டத்திலும் நீண்ட காலம் நிற்கப் போவது இதுதான்.

வாக்குறுதிகள் எங்கே நிற்கின்றன என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கொழும்பிலுள்ள வெரிட்டே ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் இவற்றில் நூறை எடுத்து, நிறைவேறியது, நிறைவேறவில்லை, தெரியாது என்று மூன்றாகப் பிரித்துத் தொடர்ந்து கண்காணித்து வந்திருக்கிறது. மூன்றாவது பெட்டியைக் கவனியுங்கள். செய்தார்களா இல்லையா என்று முடிவுசெய்யத் தேவையான தகவலை வெளியிடாத வாக்குறுதிகள் அதற்குள் வருகின்றன. தகவலை வெளியிடுவதே வாக்குறுதியாக இருந்த சில இடங்களிலும் இது நடந்திருக்கிறது.

48 மாதக் கணக்குப்படி திட்டம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதன் பிறகு மீளாய்வுக் குழு வராது, தவணையும் வராது. ஆனால் வெளிநாட்டு அரசாங்கங்களுக்குக் கொடுக்க வேண்டிய கடனின் அசல் 2028இலிருந்து திரும்பத் தொடங்குகிறது. 95 வீத இலக்குக்கு அதற்குப் பிறகும் நாலு வருடம் இருக்கும். வட்டி தவிர்ந்த அரச செலவு உற்பத்தியில் 13 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2024இல் கொண்டுவந்த அரச நிதி முகாமைச் சட்டமும் சட்டப் புத்தகத்தில் இருக்கும். 2027 மார்ச்சுக்குப் பிறகு வருகிற வரவுசெலவுத் திட்டத்தில் யாருக்கு வரி, யாருக்கு விலக்கு என்று எழுதும்போது, "அவர்கள் சொன்னார்கள்" என்று சொல்ல நிதியமைச்சருக்கு ஆள் இருக்காது.